சப்பென்று இருந்த ஸ்பீக்கர்

இரண்டு வருடங்களுக்கு முன்னால், ஒரு புரட்டாசி மாதச் சனிக்கிழமை மத்தியானம், தேனியில் ஒரு இசைக்கருவிக் கடையில் நடந்தது இது. என்னைத் தெரிந்தவர்கள் யாரும் நான் அப்படிப் பேசினேன் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் எனக்கு வாய் வராது. மார்க்கையன்கோட்டையில் இருபத்தைந்து வருடமாக மைக் செட் வைத்திருக்கிறேன். ஊரெல்லாம் பேச மைக் கொடுக்கிறவன், ஆனால் மைக்கைச் சோதித்துப் பார்க்கக்கூட 'ஹலோ' சொல்ல மாட்டேன். விரலால் இரண்டு தட்டு தட்டிவிட்டு மேடையை விட்டு இறங்கிவிடுவேன்.

என் மனைவி நேர் எதிர். அவள் பேசினால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவருக்கும் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகக் கேட்கும். தெருவில் ஆட்டோவிலும் ஜீப்பிலும் காய்கறி, திராட்சை, பிளாஸ்டிக் குடம், பழைய இரும்பு என்று ஒரு பெண் குரல் சொல்லிக்கொண்டே போகுமே, எங்கள் பக்கத்தில் அந்தக் குரல்களில் பாதி அவளுடையதுதான்.

கொரோனா சமயத்தில் கல்யாணம், கோயில் விசேஷம் எல்லாம் நின்றுபோனபோது ஆரம்பித்த வேலை அது. பழைய இரும்பு வாங்குகிறவர் ஒருவர், தினமும் கத்தித் தொண்டை புண்ணாகிவிட்டது, ஏதாவது பதிவு செய்து தாருங்கள் என்று கேட்டு வந்தார். எனக்குப் பேச வராது. அவளைப் பேசச் சொன்னேன். அது பிடித்துப்போய் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். வீட்டின் பின் அறையில் சாமியானா துணியையும் பழைய ஜமுக்காளங்களையும் சுவர் முழுக்கத் தொங்கவிட்டு, ஒரு பழைய கம்ப்யூட்டரும் வாங்கி வைத்தோம். கல்லூரி விடுதிக்குப் போவதற்கு முன்னால் எங்கள் மகள் அதில் பதிவு செய்யவும், பதிவில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கவும் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். அதில் உள்ள இங்கிலீஷ் எழுத்தை எனக்குப் படிக்க வராது. எந்த இடத்தில் எந்தப் பட்டன் என்று மட்டும் தெரியும். அது போதுமாக இருந்தது.

அதற்கு முன்னால் என் மனைவி விடியும் முன்பே ஜீப்பில் ஏறி, கூடலூர், லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறி, கேரளாவில் ஏலக்காய் எடுக்கப் போய்க்கொண்டிருந்தவள். இந்த வேலை வந்த பிறகுதான் அந்த ஜீப்பை விட்டு இறங்கினாள்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது அவளுக்குத் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாக முடிந்து, இரண்டு மாதத்தில் பழையபடி பேசினாள். அவள் தேறி வந்த சந்தோஷத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். அதுவரை பதிவைப் போட்டுக் கேட்க ஒரு பழைய டேப்ரெக்கார்டரின் ஸ்பீக்கரைத்தான் வைத்திருந்தேன். கீச்சுக் கீச்சு என்று கேட்கும். மைக் செட்காரன் வீட்டில் இப்படியா என்று வெட்கப்பட்டு, அதைத் தூக்கி இரும்புக்காரரிடம் போட்டுவிட்டு, பன்னிரண்டு இஞ்ச் ஸ்பீக்கர் வைத்து நானே பலகை அறுத்து இரண்டு பெட்டி செய்தேன். மேலே, கூர்மையான சத்தம் கணீர் என்று கேட்பதற்காக ட்வீட்டர் என்கிற சின்ன ஸ்பீக்கர் இரண்டு. போட்டால் ஜன்னல் கம்பி அதிரும். அவளே, "கல்யாண மண்டபத்துல இருக்குற மாதிரியில்ல இருக்கு" என்று சிரித்தாள்.

அதற்குப் பிறகுதான் புகார் வர ஆரம்பித்தது. முதலில் வந்தவர் கூடலூரில் ஜீப்பில் திராட்சை விற்கிறவர்.

"அண்ணே, இங்கன கேட்டா சினிமா மாதிரி இருக்கு. என் ஜீப்புல போட்டா, அக்கா பானைக்குள்ள தலைய விட்டுக்கிட்டுப் பேசுற மாதிரி இருக்கு. வண்டிய நிப்பாட்டி, என்னப்பா விக்கிறேன்னு கேக்குறாக. நானே கத்தித்தேன் விக்க வேண்டியிருக்கு."

"உன் குழாய் ஸ்பீக்கருக்குள்ள இருக்குற யூனிட் போயிருக்கும். மாத்து" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் மாற்றினார். அப்போதும் அப்படித்தான் இருந்தது.

அடுத்து, இலவசக் கண் முகாம் நடத்துகிற ஒருவர் வந்தார். வயதானவர், பண்பானவர். ஆட்டோவில் இரண்டு நாள் விளம்பரம் போயும் முகாமுக்கு ஆள் வரவில்லை என்றார். என் பெட்டியில் போட்டுக் காட்டினேன். அவரும் கேட்டுவிட்டு, "இதுல நல்லாத்தானப்பா இருக்கு" என்றார். பிறகு மெதுவாக, "ஆபரேஷனுக்கு அப்புறம் வீட்ல குரல் கம்மிப்போச்சோ?" என்று கேட்டார். அடுத்த முறை மதுரையில் கொடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த என் மனைவிக்கு அது கேட்டுவிட்டது.

அவள் சந்தேகத்தைத் தீர்க்கிறேன் என்று நான் வேறு ஒரு காரியம் செய்தேன். என்னிடம் இருந்த ஒரு குழாய் ஸ்பீக்கரை மாடியில் கட்டி, ஆபரேஷனுக்கு முன்னால் பேசிய பழைய பதிவு ஒன்றையும் புதிய பதிவு ஒன்றையும் அடுத்தடுத்துப் போட்டேன். பழையது கணீர் என்று இருந்தது. புதியது பானைக்குள் பேசுகிறது. இரண்டும் ஒரே குழாய்.

அவள் கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "போதும், நிப்பாட்டுங்க" என்றாள். "டாக்டரு முன்னாடியே சொன்னாகல்ல, குரல் கொஞ்சம் மாறுனாலும் மாறும்னு. மாறிருச்சு. அம்புட்டுத்தேன்."

அன்று முதல் அந்த அறைக்குள் அவள் போகவில்லை. வீட்டிலும் பேச்சு குறைந்துவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், "திங்கக்கிழமையிலருந்து ஏலக்காய்க்கு வாரேன்னு ஜீப்புக்காரர்ட்ட சொல்லிட்டேன்" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்துப் பால்காரர் பால் ஊற்றாமலே தெருவைத் தாண்டிப் போய்விட்டார். அவள் வாசலில் நின்று, "ஏப்பா, எங்க வீடு உனக்குத் தெரியலையா?" என்று ஒரு குரல் கொடுத்தாள். அவ்வளவு தூரத்தில் போனவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்தார். நான் பின் அறையில் ஜமுக்காளத்துக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். அங்கேயே ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. இந்தக் குரலுக்கு என்ன குறை என்று அப்போதுதான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது. குரலில் குறை இல்லையென்றால், மிச்சம் இருப்பது நானும் என் கம்ப்யூட்டரும் அந்தப் பெட்டிகளும்தான்.

மகளுக்குப் போன் போட்டேன். ரெக்கார்டிங் செய்கிறவர்கள் கேட்பதற்கென்றே தனியாக ஸ்பீக்கர் உண்டு, ஸ்டுடியோ மானிட்டர் என்று கேளுங்கள் அப்பா, விலை குறைவாகவும் இருக்கிறது என்றாள். அம்மா பேசிய பதிவை நீங்கள் கை வைக்காமல் ஒன்று, கை வைத்து முடித்தது ஒன்று, இரண்டையும் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போங்கள் என்றும் சொன்னாள். ஜெனரேட்டரைப் பழுது பார்க்க வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு மறுநாள் தேனிக்குப் பஸ் ஏறினேன்.

கடைக்காரர் நல்ல மாதிரி. "என்னண்ணே, கோயிலுக்கா, கல்யாண செட்டா?" என்றார். ரெக்கார்டிங்குக்கு என்று நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. மூன்றாவது தடவைதான் அவருக்குப் புரிந்தது. என் வசதியைக் கேட்டுக்கொண்டு மூன்று ஜோடி எடுத்து வைத்தார். ஒன்று பெரியது, போட்டால் கலர் விளக்கு எரிந்தது. ஒன்று நடுத்தரம். மூன்றாவது, நாலு இஞ்ச் ஸ்பீக்கர் வைத்த இரண்டு சின்னக் கறுப்புப் பெட்டிகள். அதன் மேல் தூசி படிந்திருந்தது.

கடையில் இன்னொருவரும் இருந்தார். கல்யாண வீடியோ ஸ்டுடியோ வைத்திருப்பவராம். கேபிள் வாங்க வந்தவர், வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிட்டார்.

கடைக்காரர் ஒவ்வொன்றிலும் சினிமாப் பாட்டுப் போட்டார். பாட்டு ஆரம்பித்ததும் நான் எழுந்து கடையை விட்டு வெளியே போய், ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். மைக் செட்காரர்களுக்கு இதுதான் பழக்கம். கூட்டத்தின் கடைசி ஆள் நிற்கிற இடத்துக்குப் போய், ஸ்பீக்கரைப் பார்க்காமல் நின்று கேட்போம். இருபத்தைந்து வருடமாக எல்லாச் சத்தத்தையும் அப்படித்தான் எடை போட்டிருக்கிறேன்.

நான் திரும்பி வந்தபோது வீடியோக்காரர் சிரித்துக்கொண்டிருந்தார். "பிடிக்கலைன்னு கெளம்பிட்டாரோன்னு நெனச்சேன். பாத்தா ரோட்டோரமா நிக்கிறாரு. அண்ணே, போடிக்குப் போற பஸ்ஸு அங்கன நிக்காது."

எனக்கு முகம் சுண்டிப்போனது. ஆனாலும் அடுத்த ஜோடிக்கும் ரோட்டைத் தாண்டினேன். அங்கிருந்து கேட்டதில் பெரியதுதான் அசத்தலாக இருந்தது. சின்னது இருக்கிற இடமே தெரியவில்லை. சரி, பெரியதையே வாங்கிவிடலாம் என்று முடிவு செய்துகொண்டு வந்தேன்.

கடைக்காரர் ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டார். "அண்ணே, இது ஊருக்குக் கேக்குற சாமான் இல்ல. உங்க ஒருத்தருக்குக் கேக்குற சாமான். தள்ளிப் போனா ஒன்னும் தெரியாது. உக்காந்து கேளுங்க" என்றார். இரண்டு பெட்டிகளையும் என் காது உயரத்துக்கு வைத்து, கை நீட்டினால் தொடும் தூரத்தில் என்னைப் பார்த்தபடி கொஞ்சம் திருப்பி வைத்தார்.

அவ்வளவு கிட்டத்தில் உட்கார்ந்து நான் எதையும் கேட்டதே இல்லை. சட்டைப்பையில் கை வைத்து, பென் டிரைவைத் தொட்டு, எடுக்கலாமா வேண்டாமா என்று இருந்தேன். தெரியாத இரண்டு பேர் முன்னால் என் மனைவியின் குரலைப் போடக் கூச்சமாக இருந்தது. ஆனால் திங்கட்கிழமை ஜீப் வந்துவிடும். எடுத்துக் கொடுத்தேன்.

பெரியதில் இரண்டு பதிவும் நன்றாக இருந்தன. நான் கை வைத்து முடித்தது இன்னும் கம்பீரமாகக் கேட்டது. நடுத்தரத்திலும் அப்படித்தான். கடைசியாகச் சின்னதில் போட்டார்.

முதலில் நான் முடித்த பதிவு. திராட்சைக்காரர் சொன்ன அதே பானைக்குள் குரல். யாரோ கம்பளியைப் போர்த்திவிட்டு உள்ளிருந்து பேசச் சொன்ன மாதிரி. அதோடு நான் போட்ட எக்கோ, ஒவ்வொரு வார்த்தையின் வாலும் அடுத்த வார்த்தையின் தலைமேல் ஏறிக்கொண்டு நின்றது.

அடுத்து, கை வைக்காத பதிவைப் போட்டார். என் மனைவி எனக்கு முன்னால் வந்து நின்றாள். அப்படித்தான் சொல்ல வேண்டும். 'ச' சொன்னால் ச, 'ற' சொன்னால் ற. பேசுவதற்கு முன் அவள் மூச்சு எடுப்பது கேட்டது. தாளைத் திருப்பும் சத்தம், எங்கள் வீட்டு மின்விசிறியின் லேசான சத்தம்கூடக் கேட்டது.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நான் செய்த பெட்டியில் ட்வீட்டர் அதிகம். அதில் 'ச', 'ஸ்' எல்லாம் காதைக் குத்தும். குத்துகிறதே என்று நான் கம்ப்யூட்டரில் அந்தச் சத்தத்தை வெட்டி வெட்டிக் குறைத்தேன். அப்போது என் பெட்டியில் தேனாக இருந்தது. ஆனால் வெட்டியது உண்மையில் அவள் எழுத்துக்களை. மண்டப ஞாபகத்தில் எக்கோவை வேறு கூட்டிவிட்டேன். பெட்டியின் அதிர்வில் அது தெரியாமல் போனது. அந்தப் பழைய டேப்ரெக்கார்டர் ஸ்பீக்கர் கேவலமாக இருந்தாலும் இந்த ஏமாற்று வேலை அதில் இல்லை. அவள் குரலைக் கெடுத்தது ஆபரேஷன் இல்லை, நான்.

"இன்னொரு வாட்டி போடுங்க" என்றேன். ஆறேழு தடவை போடச் சொன்னேன். வீடியோக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"அந்தச் சப்புனு இருக்குறத எதுக்குண்ணே இத்தன தடவ கேக்குறீக? பாட்டுப் போட்டா ரேடியோ மாதிரி இருக்கு. பெருச வாங்குங்க, நெஞ்சுல அடிக்குதுல்ல."

கடைக்காரரும், "வாரவுக எல்லாம் கேட்டுட்டு வேண்டாம்னுதான் போறாக" என்றார்.

நான் எழுந்து நின்றேன். எப்படி வந்தது என்று தெரியவில்லை. "தம்பி, அந்தப் பெருசுல நான் கெடுத்ததும் நல்லாருக்கு, கெடுக்காததும் நல்லாருக்கு. இது ஒன்னுதேன் எது கெட்டதுன்னு காட்டிக்குடுக்குது. நெஞ்சுல அடிக்கிறத நான் ஊருக்கெல்லாம் வாடகைக்குக் குடுத்துக்கிட்டுத்தேன் இருக்கேன். எனக்கு என் தப்பச் சொல்ற ஸ்பீக்கர்தேன் வேணும். இதக் கட்டுங்க."

என் வாழ்நாளில் வெளியாட்கள் முன்னால் ஒரே மூச்சில் நான் பேசிய பெரிய பேச்சு அதுதான். வீடியோக்காரர் எழுந்து வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து, "இன்னொருக்க போடுங்க" என்றார். கேட்டுவிட்டு, "யாருண்ணே இது? ரேடியோல பேசுனவுகளா?" என்றார்.

"என் வீட்ல. ஏலக்காய்த் தோட்டத்துல வேல பாத்தாக" என்றேன். வீட்டில் அவ, இவ என்று சொல்கிறவன், அன்று அவளை மரியாதையாகச் சொன்னது பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் எனக்கே உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்தேன். செங்கலை அடுக்கி, மேலே சாக்கை மடித்துப் போட்டு, சின்னப் பெட்டிகளைக் காது உயரத்துக்கு வைத்தேன். திராட்சைப் பதிவில் எக்கோவை எடுத்தேன். வெட்டியதையெல்லாம் விட்டுவிட்டேன். மின்விசிறிச் சத்தத்தை மட்டும் குறைத்தேன். முடித்துவிட்டு அவளைக் கூப்பிட்டு, நடந்ததைச் சொன்னேன். "ஒனக்கு ஒன்னும் ஆகல. எல்லாம் என் கைதேன் செஞ்சது."

அவள் நம்பவில்லை. "எம்மனசு நோகக் கூடாதுன்னு சொல்றீக. வாங்குன சாமான் புதுசு, அதான் நல்லாருக்கு" என்றாள். வாக்குக் கொடுத்ததால் திங்கட்கிழமை ஜீப்பிலும் ஏறிவிட்டாள். நான் அந்தப் பதிவைத் திராட்சைக்காரருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன்.

அன்று சாயங்காலம் நடந்ததை அவள்தான் வந்து சொன்னாள். மலையிலிருந்து இறங்கி வந்த ஜீப், கூடலூர் கடைவீதியில் லாரி ஒன்று திரும்பும்வரை நின்றிருக்கிறது. ஜீப்புக்குள் பதினைந்து பெண்கள், எல்லோரும் அசதியில் இருந்திருக்கிறார்கள். கடைவீதியின் அந்தக் கடைசியிலிருந்து, பஸ் ஹாரனுக்கும் ஆட்டோ சத்தத்துக்கும் நடுவே, பன்னீர் திராட்சை என்று ஒரு குரல் வந்திருக்கிறது. பக்கத்தில் இருந்த பெண் இவள் தோளில் இடித்து, "ஏண்டி, காலையிலருந்து இங்கன வாயத் தொறக்காம உம்முன்னு உக்காந்திருக்க. அங்கன போயி தெருத்தெருவா கத்திக்கிட்டுத் திரியிறியா?" என்று கேட்டிருக்கிறாள். ஜீப்பே சிரித்திருக்கிறது. லாரி திரும்பி முடிக்கும்வரை இவள் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே இருந்தாளாம். ஒரு எழுத்துகூடத் தப்பவில்லை என்றாள்.

சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அப்ப இம்புட்டு நாளா என்னைய அழுக விட்டது நீங்க செஞ்ச அந்தப் பொட்டியா?"

"ஆமா" என்றேன்.

"அதுல ஜமுக்காளத்தப் போட்டு மூடுங்க மொதல்ல" என்றாள். முகம் கழுவிவிட்டு வந்து, மைக்கின் முன்னால் உட்கார்ந்தாள். ஏலக்காய்க் கறை போகாத விரல்களால் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, "அந்தக் கண் முகாம் ஐயாவுக்குப் போன் போடுங்க. இந்த வாட்டி சும்மாவே பேசித் தாரோம்னு சொல்லுங்க" என்றாள். போனில் பேசுவதற்கும் எனக்குக் கூச்சம்தான். அன்று தயங்காமல் பேசினேன். அவரிடம் நடந்ததை மறைக்காமல், தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். மறுநாள் முதல் அவள் ஜீப்பில் ஏறவில்லை. அடுத்த முகாமுக்கு அவள் குரல்தான் போனது. முகாம் முடிந்து அவரே வீட்டுக்கு வந்து, உட்கார இடமில்லாமல் ஆட்கள் நின்றார்கள் என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது கல்யாண வீடியோக்காரர்கள்கூடச் சிலர் குரல் பதிவுக்கு எங்கள் பின் அறைக்கு வருகிறார்கள். அவர்களுக்கும் அந்தச் சின்னப் பெட்டி சப்பென்றுதான் இருக்கிறது. நான் நாற்காலியைப் போட்டு உட்காரச் சொல்கிறேன், அவ்வளவுதான். எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறுகிற நான், அன்று அத்தனை சத்தத்துக்கு நடுவே என் தப்பை என் காதாலேயே கண்டுபிடித்து, அதை ஒத்துக்கொண்டு, என் மனைவியை அந்த ஜீப்பிலிருந்து இறக்கிக்கொண்டு வந்தேன் என்று நினைக்கும்போது, என்மேல் எனக்கே ஒரு மரியாதை வருகிறது.